இரண்டு மணி நேரத்துக் கடல்

சென்னை போய்ச் சேர இரண்டு மணி நேரம் பத்து நிமிடம் ஆகும் என்று விமானப் பணிப்பெண் ஒலிபெருக்கியில் சொன்னபோது பூவலிங்கத்துக்கு முதலில் வந்தது கோபம்தான், பயம் அதற்குப் பின்னால்தான் வந்தது. போர்ட் பிளேயருக்கும் சென்னைக்கும் நடுவில் கிடக்கிற கடலை அவருக்கு நாற்பது வருஷத்துக்கு மேலாகத் தெரியும். ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், கப்பலில் மூன்று நாள், காற்றுக் காலம் என்றால் நாலாவது நாளிலும் ஒரு காலை வைக்கும். அப்பேர்ப்பட்ட கடலை இந்தப் பெண் வெண்டைக்காய் நறுக்குகிற மாதிரி நறுக்கி, சிரித்த முகத்தோடு தட்டில் வைத்துவிட்டுப் போகிறாள். அந்தப் பத்து நிமிடத்தைக்கூட விடவில்லை பாருங்கள். மூன்று நாள் கையில் இருந்தால் மனுஷன் ஒரு விஷயத்தை ஆற அமர யோசிக்கலாம், யோசித்ததைத் தூங்கி எழுந்து வேண்டாம் என்று தள்ளலாம், மறுபடியும் முதலிலிருந்து தொடங்கலாம். இரண்டு மணி நேரத்தில் என்ன ஆகும்? கொண்டைக்கடலைகூட ஊறாது. அவர் யோசிக்க வேண்டியது பெரிய பிரசங்கமும் இல்லை, ஒரே ஒரு வாக்கியம். சென்னையில் மகள் வீட்டில் இருக்கும் சண்முகத்தாயிடம் சொல்ல வேண்டிய வாக்கியம். கட்டின பெண்டாட்டியிடம் பேச எதற்கு ஒத்திகை என்று கேட்பவர்கள் கல்யாணம் ஆகாதவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

விஷயம் இதுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மகள் தமயந்தியின் பிரசவத்துக்கு, மூன்று மாசம் இருந்துவிட்டு வருகிறேன் என்று விமானம் ஏறிப் போன சண்முகத்தாய் இன்னும் திரும்பவில்லை. குழந்தைக்குத் தடுப்பூசி என்றாள், தமயந்திக்கு ஆபீஸ் திறந்துவிட்டது என்றாள், பார்த்துக்கொள்ள வந்த பெண் நின்றுவிட்டாள் என்றாள், அப்புறம் காரணம் சொல்வதையே விட்டுவிட்டாள். அவரும் கேட்கவில்லை. கேட்டு வரவழைப்பதில் என்ன இருக்கிறது, தானாக வருவதற்குத்தான் மதிப்பு என்பது அவர் கட்சி. தினமும் சாயங்காலம் போன் வரும். சாப்பிட்டீங்களா. சாப்பிட்டேன். அங்க மழையா. மழைதான். பாப்பா தூங்குதா. சரி. இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுத்த வீட்டு ஷிப்ரா தீதி ஒரு தள்ளுவண்டியோடு வாசலில் வந்து நின்றாள். பூந்தொட்டிகளையெல்லாம் அண்ணி என்னையே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள், நேற்று போனில் சொன்னார்கள், உங்களிடம் சொல்லவில்லையா என்று தன் வங்காளம் கலந்த இந்தியில் கேட்டுவிட்டு, செம்பருத்தி, மல்லிகை, ரெட்டை நந்தியாவட்டை என்று ஒவ்வொன்றாகத் தூக்கி வண்டியில் வைத்தாள். அவர் காபி டம்ளரோடு பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு கைகூடக் கொடுக்கவில்லை, தடுக்கவும் இல்லை. தொட்டி இருந்த இடங்களில் தரையில் வட்டம் வட்டமாக ஈரம் தெரிந்தது. திரும்பி வர நினைக்கிறவள் எவளாவது தொட்டியைத் தூக்கிக் கொடுப்பாளா? காபி ஆறி ஆடை கட்டியதுகூடத் தெரியாமல் நின்றவர், அன்றைக்கு மத்தியானமே பஜாருக்குப் போய் விமான டிக்கெட் எடுத்துவிட்டார். அவர் விமானம் ஏறுகிறார் என்ற செய்தி தெருவில் பாதிப் பேருக்கு நம்ப முடியாத செய்தி, ஏனென்றால் தீவில் அவருக்குக் கப்பல் பூவலிங்கம் என்றே பேர்.

விமானம் ஓட ஆரம்பித்தது. மின்சாரத் துறையில் லைன்மேனாக இருந்து கம்பத்து உச்சியில் நின்றே காலம் தள்ளிய ஆளுக்கு உயரம் ஒன்றும் பயமில்லை. காலுக்குக் கீழே கம்பம் இல்லாத உயரம்தான் பயம். பெல்ட்டை எப்படி மாட்டுவது என்று தெரியாமல் இரண்டு நுனியையும் கையில் வைத்துக்கொண்டு, அதைச் சோதித்துப் பார்க்கிறவர் போல முகத்தை வைத்திருந்தார். பக்கத்து இருக்கைப் பெண், கை நிறைய மருதாணி, கழுத்தில் புது மஞ்சள் கயிறு, அதற்கு அந்தப் பக்கம் வாயைத் திறந்து தூங்கும் புது மாப்பிள்ளை, அவள்தான் குனிந்து மாட்டிவிட்டாள். “முதல் தடவைங்களா அங்கிள்?” என்றாள். கொங்கு நாட்டுப் பேச்சு. “சே சே, அடிக்கடி போறதுதான், இந்த பிளேனில் கொக்கி வேற மாதிரி இருக்கு” என்றார் பூவலிங்கம். பொய் சொன்ன அந்த நொடியிலேயே பூமி நழுவியது. காது அடைத்தது. நாற்காலிக் கையை இறுகப் பிடித்தவர் சற்று நேரம் கழித்துத்தான் பார்த்தார், பிடித்திருந்தது அந்தப் பெண்ணின் கையை. ஜன்னலில் சாத்தம் தீவும் துறைமுகமும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, தென்னந்தோப்புகள் கீரைப்பாத்தி அளவுக்குச் சிறுத்து, எல்லாம் போய், வெறும் நீலம் வந்தது. இவ்வளவுதானா? ஒரு சங்கு ஊதவில்லை. கரையில் நின்று கைக்குட்டை ஆட்ட ஒரு ஆள் இல்லை. கப்பல் கிளம்புவதென்றால் அது ஒரு சாவகாசமான காரியம். கயிற்றை அவிழ்த்த பிறகும் கரையில் நிற்பவர்களோடு கால் மணி நேரம் பேசலாம், மறந்துபோன ஊறுகாய்ப் பாட்டிலைத் தூக்கி எறியச் சொல்லலாம். பிரிவு என்பது அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக நடந்தால்தான் உடம்பு தாங்கும்.

நாற்பது வருஷத்துக்கு முன்னால் சென்னைத் துறைமுகத்தில் அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கரை போனது. அவருக்கு இருபத்தாறு வயசு, தூத்துக்குடிப் பக்கம் ஊருக்கு லீவில் போய்விட்டுத் திரும்புகிற பயணம். பங்க் வகுப்பில், ஒருவர் தலைக்கு மேல் ஒருவராகப் படுக்கிற அந்தப் பெரிய கூடத்தில், ஏணியை ஒட்டி ஒரு ட்ரங்குப் பெட்டி, அதன்மேல் ஒரு கூடை முறுக்கு, பக்கத்தில் மூக்குப்பொடி போடுகிற ஒரு பெரியவர், நடுவில் மஞ்சள் வாயில் சேலையில் தலை குனிந்து ஒரு பெண். யாரும் சொல்ல வேண்டியதில்லை, கப்பல் பெண் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அந்தக் காலத்தில் தீவில் வேலை பார்க்கிறவனுக்குக் கிடைக்கிற லீவை, போக ஒரு கப்பல் வர ஒரு கப்பல் என்று கடலே பாதியைத் தின்றுவிடும். பெண் பார்த்து, நிச்சயம் பண்ணி, கல்யாணமும் முடிக்க நாள் போதாது. அதனால் பெண்ணையே ஒரு பெரியவரோடு கப்பலில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். மாப்பிள்ளை மாலையோடு துறைமுக ஜெட்டிக்கு வருவான், அந்த வாரமே முருகன் கோயிலில் தாலி ஏறிவிடும். கப்பல் பெண் என்றால் பங்க்கில் எல்லோரும் வழி விடுவார்கள், ஆண்கள் அநாவசியமாகப் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். விலாசம் எழுதி ஒட்டிய பார்சலை யார் பிரிப்பார்கள்? பூவலிங்கமும் பிரிக்கிற எண்ணத்தில் இல்லை. அவர் பாட்டுக்கு மேல்தட்டுக்குப் போய், உயிர்காக்கும் படகு தொங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வீட்டில் இருக்கிற ஆளுக்குத் திண்ணை என்று ஒரு இடம் உண்டு அல்லவா, கப்பலில் அவருக்கு அது. சாயங்காலம் திரும்பிப் பார்த்தால் அந்த மஞ்சள் சேலை நாலு முழம் தள்ளிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. முகம் வெளுத்திருந்தது. அந்த மூக்குப்பொடிப் பெரியவர், அவள் சித்தப்பா, கொண்டுவந்த தயிர்சாதத்தைத் தொடக்கூட மாட்டேன் என்றுவிட்டாள். அப்பன் ஆத்தாளைப் பிரிந்த துக்கம் என்று அவர் நினைத்துக்கொண்டார், மனசு இளகியது.

“அங்கிள், டீ சொல்லட்டுங்களா?” பக்கத்துப் பெண். வேண்டாம் என்றார். “என்ர வீட்டுக்காரர் பாருங்க, ஏறினதும் தூங்கிட்டார்” என்றாள். எத்தனை நாள் ஆகிறது கல்யாணமாகி என்று கேட்டார். “இருவது நாளுங்க. பொண்ணு பார்க்க வந்தப்ப மொட்டை மாடியில அஞ்சு நிமிசம் பேசினோம், அவ்வளவுதானுங்க.” ஐந்து நிமிடத்தில் எப்படித் தெரிந்தது என்று அவர் கேட்டார்; கேட்டது கிண்டலாக இல்லை, அவருக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது. அவள் யோசித்தாள். “எங்க வீட்டு நாய் அவரைப் பார்த்துக் கொரைச்சுதுங்க. பயந்து என்ர பின்னால வந்து நின்னுட்டார். சரி, இவரு போதும்னு தோணிடுச்சு” என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பூவலிங்கமும் சிரித்தார். ஆனால் மனசு அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஐந்து நிமிடமாவது மண்ணாவது. அவர் சித்தாந்தமே வேறு. மனசு திரும்புவதற்கு மூன்று நாள் வேண்டும். முதல் நாள் துக்கம் கரைய, இரண்டாம் நாள் முகம் பார்க்க, மூன்றாம் நாள் பேச்சு வர. பதறாத காரியம் சிதறாது என்று சும்மாவா சொன்னார்கள்? அந்தக் கடல் மட்டும் மூன்று நாள் அகலம் இல்லாமல் இருந்திருந்தால், அன்றைக்கு இதே மாதிரி ஒரு விமானத்தில் சித்தப்பா சண்முகத்தாயை ஏற்றியிருந்தால், இரண்டு மணி நேரத்தில் இறங்கி மாலையை வாங்கிக்கொண்டு, அவளுக்கு நிச்சயித்திருந்த பரமானந்தத்தின் பெண்டாட்டியாகப் போயிருப்பாள். நினைக்கவே உடம்பு ஒரு தரம் சிலிர்த்தது. அதனால்தான் இந்தத் தடவையும் கணக்காக ஏற்பாடு செய்திருந்தார். போவது விமானத்தில், காரியம் அவசரம். திரும்புவது கப்பலில், வருகிற வியாழக்கிழமை புறப்படும் கப்பலில் இரண்டு பேருக்கு ஒரு கேபின். கப்பலில் மட்டும் ஏற்றிவிட்டால் போதும், மீதியை மூன்று நாளும் கடலும் பார்த்துக்கொள்ளும். ஏற்றுவதற்குத்தான் அந்த ஒரு வாக்கியம்.

அந்தக் கப்பலில் இரண்டாம் நாள் கடல் எண்ணெய் ஊற்றின மாதிரிக் கிடந்தது, வெயிலில் பறவைக்கோலா மீன்கள் கூட்டமாகத் தண்ணீரைவிட்டு எழும்பிப் பறந்தன. “அது மீனா, குருவியா?” அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு. அவ்வளவுதான், அணை உடைந்தது. மீன் ஏன் பறக்கிறது, எவ்வளவு தூரம் பறக்கும், ராத்திரியில் வெளிச்சத்தைப் பார்த்து மேல்தட்டிலேயே வந்து விழும், தீவில் என்ன மரம், என்ன மழை, கப்பல் வராவிட்டால் வெங்காயம் கிடையாது, பிள்ளைகள் எல்லாம் இந்தியில் சண்டை போடும், இரண்டு மணி நேரம் பேசினார். சித்தப்பா சற்றுத் தள்ளி நிழலில் உட்கார்ந்து தன் சீட்டுக்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார், ராத்திரி இவரோடு ரம்மி ஆடித் தோற்ற சிநேகத்தில் இதைக் கண்டுகொள்ளவில்லை. அவள் கம்பியில் நெற்றியைச் சாய்த்து, கண்ணைப் பாதி மூடி, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டாள். அப்படிக் கண் செருகிக் கேட்டவள் அதற்கப்புறம் இந்த நாற்பது வருஷத்தில் ஒருநாளும் கேட்டதில்லை. கப்பலில் எத்தனையோ தடவை சேர்ந்து போயிருக்கிறார்கள், தமயந்தியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள், மேலே வா, கோலா பறக்குது என்று கூப்பிட்டால் வரமாட்டாள். ஏறியதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு படுத்துவிடுவாள். அடுப்படியிலிருந்து மூன்று நாள் லீவு கிடைத்த சந்தோஷம், தூங்கட்டும் என்று இவர் விட்டுவிடுவார். ஆனால் அந்த முதல் பயணம்! மூன்றாம் நாள் விடிகிற நேரம், கிழக்கே தீவுகள் பச்சைக் கோடாக எழும்பி வந்தபோது தட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். அவள் தீவைப் பார்த்தபடியே கேட்டாள், “உங்க வீட்டுல தண்ணிக்கு என்ன வழி?” காலையில ஒரு மணி நேரம் பைப்புல வரும் என்றார். “பிடிச்சு வைக்க அண்டா இருக்கா?” ரெண்டு வாளிதான் இருக்கு. “அண்டா வாங்கணும்” என்றாள். சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனாள். அண்டா வாங்கணும், அண்டா வாங்கணும் என்று அவர் நாலைந்து தரம் சொல்லிப் பார்த்த பிறகுதான் அது என்ன பேச்சு என்று புரிந்தது. புரிந்ததும் தட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்கக்கூடாது என்பார்கள். சித்தப்பா அன்றைக்குக் கப்பல் கவிழாமலேயே இரண்டு கன்னத்திலும் கை வைத்துக்கொண்டு ட்ரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். ஜெட்டியில் பரமானந்தம் கதம்ப மாலையோடு நின்றார். திட்டு, சாபம், பஞ்சாயத்து எல்லாம் நடந்தது. அடுத்த மாசமே அவருக்கு வேறொரு கப்பலில் வேறொரு பெண் வந்தாள். இன்றைக்கும் பரமானந்தம் வாரம் ஒருதரம் வந்து சீட்டாடிவிட்டுப் போகிறார். தீவில் பகை வளர்க்க இடம் போதாது.

அண்டா. அண்டா வாங்கியாயிற்று, அந்த வாரமே வாங்கியாயிற்று, செம்பு அண்டா, அதன் பக்கத்தில்தான் அவள் ஒரு மழைக்காலத்து மத்தியானம் உட்கார்ந்திருந்தாள், கையில் தந்தி. வேண்டாம். அது இப்போது எதற்கு? ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கீழே கடல் அசையவே இல்லை. இவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் அலை கிடையாது, சத்தம் கிடையாது, உப்பு வாசனை கிடையாது, இஸ்திரி போட்ட துணி மாதிரி விரித்துப் போட்டிருக்கிறது. தந்தியில் அவள் அப்பா போய்விட்டார் என்று இருந்தது. அடுத்த கப்பல் ஒரு வாரம் கழித்துத்தான். விமானம் அன்றைக்குப் பெரிய அதிகாரிகளின் சமாச்சாரம், இவர்களைப் போன்றவர்கள் அண்ணாந்து பார்க்கிற பொருள். அவள் அழக்கூட இல்லை. அண்டாவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, “இந்தக் கடல் எதுக்குங்க இவ்வளவு பெருசாக் கெடக்கு?” என்று கேட்டாள். எந்தக் கடலை அவர் நெஞ்சுக்குள் சாமி படம் மாதிரி மாட்டி வைத்திருந்தாரோ அதைப் பற்றித்தான் கேட்டாள். தோளில் கை வைத்தார், அவள் அந்தக் கையைத் தட்டிவிடவும் இல்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை. அந்தக் கேள்வி அப்படியே அந்த வீட்டில் தங்கிவிட்டதோ? அதுதான் இப்போது அவளை அந்தப் பக்கத்துக் கரையிலேயே பிடித்து வைத்திருக்கிறதோ? கடலுக்கு அந்தப் பக்கம் பிறந்தவள், மூன்று நாளில் ஒரு முடிவு எடுத்தாள், நாற்பது வருஷம் அதைத் தாங்கினாள், இனிமேல் போதும் என்று நினைத்தால் யார் என்ன சொல்ல முடியும்? இவரால்தான் சொல்ல முடியுமா? என்னவென்று சொல்வது?

வாக்கியம். வாக்கியத்துக்கு வா. வீட்டுக்கு எப்ப வார? இது அதட்டல் மாதிரி இருக்கிறது. வீடு நீ இல்லாம நல்லால்லை. இது சினிமா. தொட்டியெல்லாம் போயிட்டு. இது வாக்கியமே இல்லை, ஒப்பாரி. பரமானந்தம் உன்னைக் கேட்டாரு. ஐயையோ, அது கூடவே கூடாது. எனக்கு உடம்பு சரியில்லை என்றால் வருவாள், உடனே வருவாள், ஆனால் அது பொய், வந்த பிறகு உடம்பைச் சரியில்லாமல் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். சும்மா ரெண்டு நாள் பாப்பாவைப் பார்க்க வந்தேன் என்று ஆரம்பித்து, பேச்சுவாக்கில் கப்பலைக் கொண்டுவந்து... அவள் பேச்சுவாக்கில் வருவதையெல்லாம் வாசலிலேயே பிடித்துவிடுவாள். வராவிட்டால்? வியாழக்கிழமை அந்தக் கேபினில் ஏறி, கீழ்ப் படுக்கையில் இவர் படுத்து, மேல் படுக்கையில் மடித்த போர்வை அப்படியே இருக்க, மூன்று நாள். ராத்திரி எழுந்தால் மூச்சுச் சத்தம் இருக்காது. வீட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தால் ஒரு டம்ளர்ச் சத்தம்தான். சாயங்காலம் பைப்பைத் திறந்தால் கொட்டுகிறது, இப்போதெல்லாம் தண்ணீருக்குப் பஞ்சமில்லை, பிடித்து வைக்கத்தான் ஆள் இல்லை. அவருக்குப் பயமாக இருந்தது. அறுபத்தாறு வயசில் ஒரு மனுஷன் பெண்டாட்டி வரமாட்டாளோ என்று பயப்படுவதை வெளியில் சொல்ல முடியுமா? மின்சாரம் பாய்கிற கம்பியை வெறும் கையால் தொட்டுத் தப்பித்தவர் அவர். இதற்கு அது தேவலை. சற்று மெதுவாகப் போனால் என்ன இந்த விமானம், என்ன கொள்ளை போகிறது, நடுக்கடலில் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தால் என்ன என்று நினைத்தபோதே காது மறுபடி அடைத்தது. மூக்கு கீழே சாய்ந்தது. “வந்துட்டோமுங்க அங்கிள்” என்றாள் அந்தப் பெண், மாப்பிள்ளையைத் தட்டி எழுப்பிக்கொண்டே. வந்தாயிற்றா? அதற்குள்ளா? கடலில் கறுப்புப் பொட்டுகளாகக் கப்பல்கள் நங்கூரம் போட்டு நின்றன, ஒன்றுகூட நகர்கிற மாதிரித் தெரியவில்லை. பிறகு வெள்ளை நுரைக் கோடு, அப்புறம் முடிவே இல்லாமல் மொட்டை மாடிகள். ஒரு வாக்கியமும் தேறவில்லை. சக்கரம் தரையைத் தொட்டபோது எல்லோரும் பெட்டிகளை இறக்க எழுந்து நின்றார்கள், அவர் மட்டும் பெல்ட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

போனில் அவர் விமான நேரத்தை மட்டும்தான் சொல்லியிருந்தார்; வெளியே தடுப்புக் கம்பியை ஒட்டிச் சண்முகத்தாய் நின்றாள், தனியாக. மெட்ரோ ரயிலில் தானே டிக்கெட் எடுத்து வந்ததாகச் சொன்னாள். அதைக் கேட்டதும் அவருக்கு இன்னும் கொஞ்சம் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஊரே அவளுக்குக் கைவந்துவிட்டது. மூக்குக் கண்ணாடி புதிது. முன்தலையில் நரை கூடியிருந்தது. போனில் இதெல்லாம் தெரிவதில்லை. இரண்டு வருஷமாகப் பார்க்காத முகத்தை எந்த இடத்திலிருந்து பார்க்க ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

“என்ன, மூஞ்செல்லாம் வேர்த்துக் கெடக்கு? உள்ள ஏசிதானே?” என்று முந்தானையை எடுத்து நீட்டினாள். “சாப்பிட்டீங்களா?”

“தொட்டியெல்லாம் போயிட்டு, தாயி.” அத்தனை வாக்கியத்திலும் மோசமானது எதுவோ அதுதான் வாயில் வந்தது.

“தெரியும். நான்தானே குடுக்கச் சொன்னேன்.”

“ஏன்?”

அவள் பெட்டி ஏற்றிய வண்டியைக் கூட்டத்திலிருந்து ஓரமாகத் தள்ளி நிறுத்தினாள். “ரெண்டு வருஷம். நெதம் போன்ல பேசுதோம். ஒருநாளாவது, ஒரே ஒரு நாளாவது, வான்னு கூப்பிட்டீங்களா? நான் இல்லாமலே வாழப் பழகிட்டாரு போலன்னு நானும் எத்தனை நாள் படுத்துக்கிட்டு யோசிக்கது? செடியைக் குடுத்தாலாவது ஏன்னு கேக்க மாட்டாரான்னுதான் குடுத்தேன்.”

“நீயா வருவேன்னு இருந்தேன்.”

“நானா எத்தனை தடவைதான் வாரது?” என்றாள் சண்முகத்தாய். குரல் உடைந்துவிட்டது.

வாகனங்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. பூவலிங்கம் வண்டியின் கைப்பிடியில் இருந்த அவள் கைமேல் தன் கையை வைத்தார். “வா, தாயி. வீட்டுக்கு வா. என்னால முடியல” என்றார். சத்தமாகத்தான் சொன்னார், பக்கத்தில் டாக்சி கேட்டுக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். சொல்லி முடிக்க ஒரு மூச்சுக்கூட ஆகவில்லை. அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், மாட்டினாள், மறுபடியும் கழற்றினாள்.

“வாரேன். தமயந்திகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். எப்பப் போறோம்?”

அவருக்கு உயிர் வந்தது. “வியாழக்கிழமை கப்பல். ரெண்டு பேருக்குக் கேபின் போட்டுட்டேன். அன்னைக்கு வந்த மாதிரியே மூணு நாள் ஆற அமர...”

“கப்பலா!” அவள் முகம் போன போக்கைப் பார்த்து அவர் நிறுத்திவிட்டார். “எனக்கு ஆகாது சாமி. கரையை விட்டா எனக்குக் கொடலைப் பிடுங்கும், எறங்குத வரைக்கும் பிடுங்கும். கண்ணை மூடிக் கீழ படுத்துக் கெடந்தா எப்படியோ தாங்கிக்கிடுவேன், மேல வந்து கடலைப் பார்த்தா செத்தேன். ஒங்களுக்குக் கப்பல்னா உசுரு, எதுக்குச் சொல்லணும்னு இத்தனை வருசமா வாயை மூடிக்கிட்டுக் கெடந்தேன். பிளேன்ல கூட்டிட்டுப் போங்க.”

பூவலிங்கம் அப்படியே நின்றார். வண்டியின் ஒரு சக்கரம் நடைபாதை விளிம்பில் இடித்துக்கொண்டிருந்தது, அதைத் திருப்பக்கூடத் தோன்றவில்லை.

“அப்ப அன்னைக்கு அந்த மூணு நாளும் மேல வந்து எதுக்கு நின்ன?”

சண்முகத்தாய் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இதைக்கூடவா இந்த மனுஷனுக்குச் சொல்லித்தர வேண்டும் என்கிற பார்வை.

“நீங்க அங்கதானே நின்னீங்க.”